பிபிஏ பசங்களுக்கு பிசினஸ் அனாலிசிஸ் எப்படி சொல்லிக்கொடுக்கறது? டெபினிஷனை மனப்பாடம் பண்றாங்க, அதுக்கு மேல போக மாட்டேங்குது

வணிகவியல்_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் தென் மாவட்டத்துல ஒரு ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்ல பிபிஏ டிபார்ட்மெண்ட்ல இருக்கேன். இந்த செமஸ்டர் மூணாவது வருஷத்துக்கு பிசினஸ் அனாலிசிஸும் (ஒரு நிறுவனத்துல வேலை எப்படி நடக்குது, எதை மாத்தணும்னு கண்டுபிடிக்கறது) ஒர்க்பிளேஸ் ஸ்கில்ஸும் சேர்ந்த ஒரு பேப்பர் எனக்கு வந்திருக்கு. வாரத்துக்கு 3 பீரியட், மொத்தம் 45 மணி நேரம், கிளாஸ்ல 60 பேர். முக்கால்வாசி பேர் சுத்துவட்டார கிராமத்துல இருந்து பஸ்ல வர்ற பசங்க, வீட்ல முதல் பட்டதாரிங்க நிறைய.

பிரச்சனை என்னன்னா ஸ்டேக்ஹோல்டர்னா (அந்த வேலைல சம்பந்தப்பட்ட ஆளுங்க) யாரு, ஃபங்ஷனல் ரிக்வயர்மெண்ட்னா (சிஸ்டம் என்ன செய்யணும்ங்கற தேவை) என்னனு கேட்டா புக்ல இருக்கறதை அப்படியே சொல்றாங்க, ஆனா ஒரு சின்ன கேஸ் ஸ்டடி கொடுத்து இதுல பிரச்சனை என்னன்னு கேட்டா நேரா "ஒரு ஆப் பண்ணலாம் மேம்"னு வந்து நிக்கறாங்க. கேஸ் ஸ்டடியும் ஏதோ அமெரிக்க பேங்க், ஏர்லைன்னு இருக்கு, விமானத்துல ஏறாத பசங்களுக்கு லாயல்டி பாயிண்ட் சிஸ்டத்தை வச்சு நான் என்னத்தை விளக்கறது. இன்னொரு பக்கம் ஒர்க்பிளேஸ் ஸ்கில்ஸ் யூனிட்டை தனியா எடுத்தா அது டை கட்டறது, கை குலுக்கறது, ஈமெயில் ஃபார்மட்டுன்னு போயிடுது, பசங்களுக்கே அதுல நம்பிக்கை இல்ல.

இந்த ஃபீல்டுல வேலை பாக்கறவங்க சொல்லுங்க, 45 மணி நேரத்துல உருப்படியா என்ன பண்ண வைக்கலாம்? நான் ஐடி கம்பெனில வேலை பாத்ததில்ல, அதனால வெளிப்படையா சொன்னாலும் பரவால்ல.

ஓஎம்ஆர்_அனாலிஸ்ட்:

மேடம், நல்ல கேள்வி. நான் சென்னைல பிசினஸ் அனாலிஸ்டா (சுருக்கமா பிஏ) இருக்கேன், அப்பப்ப காலேஜ்கள்ல கெஸ்ட் லெக்சர் எடுப்பேன். அந்த ஏர்லைன் கேஸ் ஸ்டடிய முதல்ல தூக்கி ஓரமா வைங்க. உங்க காலேஜ் ஆபீஸ்லயே ஒரு அருமையான ப்ராசஸ் இருக்கு, போனஃபைட் சர்டிஃபிகேட் வாங்கறது. 60 பேர்ல பாதி பேர் அதுக்காக அலைஞ்சிருப்பாங்க, அதனால ஆர்வம் தானா வரும்.

ஒரு காலேஜ்ல நான் இதைப் பண்ண வச்சப்ப நடந்ததை சொல்றேன். பசங்க கிட்ட முதல் நாள் கேட்டா எல்லாரும் ஒரே குரல்ல ஆபீஸ்ல லேட் பண்றாங்க, ஆன்லைன் ஆக்கிட்டா சரியாயிடும்னாங்க. சரி, ஆன்லைன் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல லெட்டர் எழுதற இடத்துல இருந்து சர்டிஃபிகேட் கைக்கு வர்ற வரைக்கும் பேப்பர் யார் யார் மேஜைக்கு போகுது, ஒவ்வொரு மேஜைலயும் எதுக்காக நிக்குதுன்னு பாத்து எழுதிட்டு வாங்கன்னு அனுப்பினேன். ட்யூட்டர் கையெழுத்து, எச்ஓடி கையெழுத்து, ஆபீஸ்ல ஃபீஸ் பாக்கி செக் பண்றது, கிளார்க் டைப் பண்றது, பிரின்சிபால் கையெழுத்து, சீல், ரெஜிஸ்டர்ல என்ட்ரி. இதை ஆளுக்கு ஒரு வரிசைன்னு கோடு போட்டு வரைஞ்சா அதுதான் ஸ்விம்லேன் டயக்ராம், தனியா ஒரு பீரியட் எடுத்து விளக்க வேண்டியதே இல்ல.

அப்புறம் கிளார்க் அக்கா பக்கத்துல உக்காந்து பாத்த பொண்ணு ஒருத்தி ஒரு விஷயத்தை கண்டுபிடிச்சா. தாமதமே பெரும்பாலும் கையெழுத்துல இல்ல. பசங்க லெட்டர்ல "எனக்கு போனஃபைட் வேண்டும்"னு மட்டும் எழுதறாங்க, எதுக்குன்னு எழுதறதில்ல. பேங்க் லோனுக்குன்னா வருஷா வருஷம் எவ்வளவு ஃபீஸ்னு பிரிச்சு போட்டிருக்கணும், ஹாஸ்டல்ல இருந்துகிட்டு பாஸ்போர்ட்டுக்கு கேக்கறவனுக்கு தங்கியிருக்க அட்ரஸ் வரணும், ஸ்காலர்ஷிப்புன்னா கோர்ஸ்ல சேந்த வருஷம், முடியற வருஷம் இருக்கணும். அக்கா பொதுவா ஒண்ணு அடிச்சு கொடுப்பாங்க, பேங்க்ல திருப்பி அனுப்புவாங்க, பையன் மறுபடி வருவான், மறுபடி டைப், மறுபடி பிரின்சிபால் கையெழுத்து. லெட்டருக்கு பதிலா எதுக்காக வேணும்னு டிக் அடிக்கற மாதிரி ஒரு சீட்டு வச்சாலே முக்கால்வாசி அலைச்சல் போயிடும். ஆப் கட்டியிருந்தாலும் அதுல அந்த கேள்வி இல்லன்னா இதே தப்பு இன்னும் வேகமா நடந்திருக்கும், அவ்வளவுதான். இதை பசங்களே பிரசன்டேஷன்ல சொன்னாங்க. ஸ்லைடு போட்டு நான் சொல்லியிருந்தா ஒருத்தன் மனசுலயும் நின்னிருக்காது.

அந்த இடத்துல நிறுத்தி, ஆஸ் ஈஸ்னா (இப்ப நடக்கற விதம்) இதுதான், டு பினா (இனிமே நடக்க வேண்டிய விதம்) இதுதான், ரூட் காஸ்னா (மூல காரணம்) இதுதான்னு பேர் வைங்க. பேர் கடைசில வரட்டும், அதுக்கு முன்னாடி அனுபவம் இருக்கட்டும். யுனிவர்சிட்டி பரீட்சைல டெபினிஷன் கேட்டாலும் அப்ப எழுதுவாங்க, ஏன்னா எழுதறதுக்கு சொந்தமா ஒரு உதாரணம் இருக்கு.

ஒர்க்பிளேஸ் ஸ்கில்ஸை தனி யூனிட்டா எடுக்காதீங்க மேடம், கெஞ்சி கேட்டுக்கறேன். கிளார்க் கிட்ட நேரம் கேட்டு போறது, அவங்க பிஸியா இருந்தா அப்புறம் எப்ப வரட்டும்னு கேக்கறது, ரெஜிஸ்டர்ல மத்த பசங்க பேரு, ஃபீஸ் பாக்கி எல்லாம் இருக்கும் அதை போன்ல போட்டோ எடுக்காம இருக்கறது, பேசி முடிச்ச அன்னைக்கே பேசினதை எழுதி "நான் புரிஞ்சுகிட்டது இது, தப்பா இருந்தா சொல்லுங்க"ன்னு அனுப்பறது. ஆபீஸ்ல முதல் வருஷம் பொழைக்க தேவையான பழக்கம் எல்லாமே இதுக்குள்ள இருக்கு.

டேட்டா_பக்கம்:

நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு மாற்றுக் கருத்து. போனஃபைட் ப்ராஜெக்ட் பண்ணேன்னு சொல்லிட்டு இன்டர்வியூக்கு வர்ற பையன் கிட்ட நான் கேக்கறது எக்செல்ல பிவட் (டேட்டாவை வகை பிரிச்சு கூட்டி காட்டறது) தெரியுமா, எஸ்க்யூஎல்ல (டேட்டாபேஸ் கிட்ட கேள்வி கேக்கற மொழி) ரெண்டு டேபிளை ஜாயின் பண்ணி குரூப் பை போட தெரியுமான்னுதான். அது தெரியலன்னா அடுத்த ரவுண்டுக்கு போறது கஷ்டம். பிபிஏ பசங்களுக்கு இன்ஜினியரிங் பசங்களோட போட்டி போடணும், ஏற்கனவே ரெஸ்யூம்ல பின்னாடி இருக்காங்க. 45 மணி நேரத்துல 15 மணி நேரமாவது எக்செல், எஸ்க்யூஎல்லுக்கு கொடுங்க, வேலையை ட்ராக் பண்ற ஜிரா டூலையும் காட்டுங்க, 10 யூசர் வரைக்கும் ஃப்ரீதான். முடிஞ்சா ஐஐபிஏன்னு பிசினஸ் அனாலிஸ்ட்டுங்களுக்கான சர்வதேச அமைப்பு கொடுக்கற சர்டிஃபிகேஷனும் ஒண்ணு எழுத சொல்லுங்க.

ஓஎம்ஆர்_அனாலிஸ்ட்:

எக்செல் வேணும்னு ஒத்துக்கறேன், ஆனா அதையும் இதே ப்ராஜெக்ட்டுக்குள்ள கொண்டு வந்துடலாம். ஆபீஸ் ரெஜிஸ்டர்ல இருந்து பேரு, ரெஜிஸ்டர் நம்பர் இல்லாம விண்ணப்பம் வந்த தேதி, கொடுத்த தேதி, எதுக்காக, திரும்ப வந்துச்சா இல்லையான்னு மட்டும் நூறு வரி எழுதிட்டு வந்தா பிவட் போடறதுக்கு சொந்த டேட்டா ரெடி. எந்த காரணத்துக்கு வாங்கினது அதிகமா திரும்பி வருதுன்னு அவங்களே பாக்கட்டும். யாரோ கொடுத்த சேல்ஸ் டேட்டால பிவட் கத்துக்கறவன் பரீட்சை முடிஞ்சதும் மறந்துடுவான்.

சர்டிஃபிகேஷன் விஷயத்துல மட்டும் எனக்கு உறுதியான கருத்து இருக்கு. ஐஐபிஏ 2003ல கனடாவோட டொரண்டோல ஆரம்பிச்ச அமைப்பு, பிசினஸ் அனாலிசிஸுக்கு அவங்க போட்ட வழிகாட்டி புக்கான பேபாக் கைடோட மூணாவது பதிப்பு 2015ல வந்துச்சு, அது நல்ல புக்கு, ஸ்டாஃப் ரூம்ல வச்சு நீங்க படிக்கலாம். அவங்களோட அனுபவசாலிகளுக்கான சர்டிஃபிகேட் சிபேப் எழுத 7500 மணி நேரம் பிஏ வேலை பாத்த அனுபவம் வேணும், அதனால மாணவர்களுக்கு அந்த பேச்சே இல்ல. இசிபிஏதான் ஆரம்ப நிலைல இருக்கறவங்களுக்கானது, அனுபவம் கேக்க மாட்டாங்க, ஆனா ஃபீஸ் டாலர்ல. முதல் பட்டதாரியா படிக்கற பையன் வீட்ல அந்த காசுக்காக கடன் வாங்க வைக்காதீங்க. வேலைக்கு சேந்த அப்புறம் கம்பெனி காசுல எழுதிக்கலாம். இதுக்கு பதிலா தமிழ்நாடு அரசோட நான் முதல்வன் திட்டத்துல உங்க காலேஜுக்கு என்ன கோர்ஸ் ஒதுக்கியிருக்காங்கன்னு பாருங்க, 2022ல இருந்து ஓடற திட்டம், பசங்களுக்கு செலவு இல்ல. எக்செல், டேட்டா மாதிரி ஏதாவது வந்திருந்தா அந்த பாரத்தை அங்க இறக்கி வச்சுட்டு உங்க 45 மணி நேரத்தை இதுக்கு வச்சுக்கலாம்.

பனியன்_ஊர்க்காரன்:

திருப்பூர்ல இருந்து எழுதறேனுங்க, நம்ம வேலை கார்மெண்ட் யூனிட்டுகளுக்கு ஈஆர்பி (ஸ்டாக், ஆர்டர், கணக்கு எல்லாம் ஒரே இடத்துல பாக்கற சாஃப்ட்வேர்) போட்டுக் கொடுக்கறது. பிஏன்னா சென்னை ஓஎம்ஆர் ரோட்டு ஐடி கம்பெனி ஏசி ரூம்லதான்னு பசங்க நெனச்சுட்டு இருக்காங்க, அதை முதல்ல உடைக்கணும். உங்க ஊரு பக்கத்துல என்ன தொழில் இருக்கோ, தீப்பெட்டியோ பட்டாசோ பிரிண்டிங்கோ நூல் மில்லோ, அங்க கூட்டிட்டு போங்க மேடம்.

எங்க ஊரு உதாரணம் ஒண்ணு சொல்றேன். நம்ம கிட்ட வேலைக்கு வர்ற புது பையனுக்கு முதல் வாரம் கம்ப்யூட்டரே கொடுக்கறதில்ல. நூல்ல இருந்து பேக்கிங் வரைக்கும் கூடவே நடக்க சொல்லுவோம். நிட்டிங் போய் துணியா வர்றப்ப கிலோ கணக்கு. சாயப்பட்டறைக்கு டெலிவரி சலான் போட்டு அனுப்பறதும் கிலோ, திரும்பி வர்றதும் கிலோ, ஆனா வர்றப்ப எடை கொஞ்சம் குறைஞ்சிருக்கும், அது ப்ராசஸ் லாஸ். கட்டிங் டேபிளுக்கு வந்த உடனே கிலோ முடிஞ்சு போச்சு, அங்க இருந்து எல்லாம் பீஸ் கணக்கு. ஓவர்லாக், பேட்லாக்னு தையல், அப்புறம் செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாமே பீஸ். இப்ப ஓனர் "எனக்கு ஸ்டாக் ரிப்போர்ட் வேணும்"னு சொன்னா, எந்த இடத்து ஸ்டாக், கிலோவுலயா பீஸ்லயா, சாயப்பட்டறைல கெடக்கறது நம்ம ஸ்டாக்கா இல்லையா, ஒரு பீஸுக்கு எத்தனை கிராம் போகுதுன்னு யாரு சொல்றது, கட்டிங் மாஸ்டரா, ஆர்டரை பாத்துக்கற மெர்ச்சண்டைசரா? இத்தனை கேள்வி அந்த ஒத்தை வரிக்குள்ள இருக்கு. நடந்து பாக்காத பையன் "ஸ்டாக் ரிப்போர்ட், எஸ் சார்"னு எழுதிட்டு வந்துடுவான். அதை நம்பி சாஃப்ட்வேர் எழுதினா கடைசில கிலோவையும் பீஸையும் ஒரே கட்டத்துல கூட்டி வச்சிருப்பாங்க.

கட்டிங் மாஸ்டர் மாதிரி ஆளுங்க கிட்ட மரியாதையா பேச கத்துக் கொடுங்க. முப்பது வருஷம் கத்தரி பிடிச்ச மனுசனுக்கு தெரிஞ்சது ஓனருக்கே தெரியாது. லேப்டாப்பை தொறந்து வச்சுகிட்டு முகத்தை பாக்காம டைப் பண்ணிட்டு இருந்தா வாயே தொறக்க மாட்டாரு. நோட்டு, பேனா, "அண்ணா இதை எப்படி செய்யறீங்க, ஒருக்கா காட்டுங்க"ன்னு கேட்டா மனுசன் மத்தியானம் சாப்பாட்டை கூட விட்டுட்டு சொல்லிக் கொடுப்பாரு.

வணிகவியல்_டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஸ்டாஃப் ரூம்ல பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். அந்த கிலோ பீஸ் விஷயம் ரொம்ப பிடிச்சுது, எங்க பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்ல (தீப்பெட்டி தொழிற்சாலைய இங்க அப்படித்தான் சொல்லுவோம்) குரோஸ், பண்டல்னு இதே மாதிரி இருக்கு, பசங்க வீட்லயே அந்த வேலை பாக்கறவங்க இருக்காங்க.

சில நடைமுறை சந்தேகம் இருக்கு. 60 பேரை டீமா பிரிச்சா ஒருத்தன் வேலை செய்வான் நாலு பேர் பேர் போட்டுக்குவாங்க, இன்டர்னல் 25 மார்க்கை எப்படி நியாயமா போடறது? அடுத்தது, வீட்டுக்கு அனுப்பினா சாட்ஜிபிடில போட்டு பக்கம் பக்கமா யூசர் ஸ்டோரி (பயன்படுத்தறவங்களுக்கு என்ன வேணும்னு எழுதற வரி) கொண்டு வர்றாங்க, பாக்க அழகா இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல. மூணாவது, இங்கிலீஷ். நல்லா யோசிக்கற பொண்ணுங்க கூட இங்கிலீஷ்ல பிரசன்ட் பண்ணணும்னா எந்திரிக்கவே மாட்டாங்க.

முதல்_வருஷ_பிஏ:

மேம் நான் பிகாம் சிஏ முடிச்சுட்டு இப்ப ஒரு சின்ன கம்பெனில ஜூனியர் பிஏவா இருக்கேன், உங்க பசங்க மாதிரிதான் நானும் கிராமத்துல இருந்து வந்தவன். சீனியர்ஸ் சொன்னதுக்கு மேல எனக்கு சொல்ல ஒண்ணு இருக்கு.

நமக்கு ஸ்கூல்ல இருந்தே புரியலன்னு சொல்றது மரியாதைக் குறைவுன்னு பழகிடுச்சு மேம். சார் புரிஞ்சுதான்னு கேட்டா கிளாஸே புரிஞ்சுது சார்னு சொல்லும். ஆபீஸ்ல க்ளையண்ட் ஒரு விஷயம் சொல்றப்பவும் வாய் தானா ஓகே ஓகேன்னு சொல்லிடுது. எங்க லீட் என்ன பண்ணாங்கன்னா ஓகேன்னு மட்டும் சொல்ல கூடாது, கேட்டதை உன் வார்த்தைல திருப்பி சொல்லு, அப்புறம்தான் அடுத்த கேள்வின்னு பழக்கிவிட்டாங்க. "அப்போ நீங்க சொல்றது, பில் போட்ட அப்புறம் ரேட்டை மாத்த கூடாது, ஆனா மேனேஜர் மட்டும் மாத்தலாம், சரியா?"ன்னு கேட்டா அவங்களே "இல்ல இல்ல, மேனேஜரும் மாத்த முடியாது, கேன்சல் பண்ணிட்டு புதுசா போடணும்"னு சொல்லுவாங்க. அந்த இல்ல இல்லதான் நமக்கு வேணும். கிளாஸ்ல ரெண்டு ரெண்டு பேரா உக்கார வச்சு தினமும் பத்து நிமிஷம் இதை பண்ண வைங்க மேம், காசு செலவில்ல.

அப்புறம் ஒரு வேலை மாட்டிகிட்டா உடனே சொல்லணும்ங்கறதும் யாரும் சொல்லித் தரல. முடிஞ்சுடும்னு சொல்லிட்டு கடைசி நாள் சாயங்காலம் முடியலன்னு சொல்றதை விட, ரெண்டாவது நாளே "இந்த தகவல் வரல, அதனால நிக்குது, நாளைக்கு காலைல இவரை பாக்க போறேன்"னு ஒரு வரி அனுப்பினா எந்த லீடும் திட்ட மாட்டாங்க. உங்க ப்ராஜெக்ட்ல வாரத்துக்கு ஒரு தடவை இந்த மாதிரி ஒரு அப்டேட் டீம்ல மாத்தி மாத்தி ஒருத்தர் அனுப்பணும்னு வைங்க.

ஓஎம்ஆர்_அனாலிஸ்ட்:

தம்பி சொன்னது பத்து லெக்சருக்கு சமம். மேடம் கேட்டதுக்கு வர்றேன்.

சாட்ஜிபிடியை தடை பண்ணி பிரயோஜனம் இல்ல, ஆபீஸ்லயும் எல்லாரும் பயன்படுத்தறோம். ஆனா ஒவ்வொரு ரிக்வயர்மெண்ட்டுக்கும் பக்கத்துல இதை யார் சொன்னாங்க, எந்த தேதில, எந்த நோட்ஸ்ல இருக்குன்னு எழுத ஒரு தனிக் கட்டம் கட்டாயமா வைங்க. ஆள் பேர் இல்லாத வரிக்கு மார்க் கிடையாது. எங்க வேலைல ட்ரேசபிலிட்டி மேட்ரிக்ஸ்னு சொல்றதோட ஆரம்பமே இதுதான். மாற்றுச் சான்றிதழ் வாங்கிட்டுப் போன பையன் மறுபடி வந்து போனஃபைட் கேட்டா பழைய ரெஜிஸ்டரை தேட வேண்டியிருக்குன்னு கிளார்க் சொன்னது எந்த மெஷினுக்கும் தெரியாது. அந்த மாதிரி வரி எந்த டீம்ல அதிகம் இருக்கோ அந்த டீம் நிஜமா போய் பேசியிருக்கு.

எழுத்துல ஒண்ணு மட்டும் கறாரா இருங்க, அளந்து பாக்க முடியாததை விடாதீங்க. "சிஸ்டம் வேகமா இருக்கணும்"னு எழுதினா திருப்பி கொடுங்க. "கிளார்க் ரெஜிஸ்டர் நம்பர் அடிச்சா 3 செகண்டுக்குள்ள அந்த மாணவர் விவரம் ஸ்கிரீன்ல வரணும்"னு எழுதினா அதை டெஸ்ட் பண்ண முடியும். அடுத்து "ஃபீஸ் பாக்கி இருந்தா?"ன்னு நீங்க கேளுங்க. அதுக்கு பசங்க பதில் எழுதக் கூடாது, ஆபீஸ்ல போய் கேட்டுட்டு வரணும். ஏன்னா அது காலேஜ் எடுக்க வேண்டிய முடிவு, நாம கற்பனை பண்ணி நிரப்பற இடம் இல்ல. புதுசா வர்ற பிஏக்கள்ல நிறைய பேர் தடுக்கி விழறது இங்கதான்.

மார்க்குக்கு நான் செய்யறது, டீமுக்கு 10, ஆளுக்கு 15. டீம் 5 பேருக்கு மேல வேணாம். ஒவ்வொருத்தரும் குறைஞ்சது ஒரு ஆளையாவது தனியா பேட்டி எடுத்து, அதோட நோட்ஸை கையால எழுதி கொடுக்கணும். அப்புறம் அஞ்சு நிமிஷ வைவா, அவங்க டீம் டயக்ராம்ல ஏதோ ஒரு பெட்டியை காட்டி "இதுக்கு அடுத்து ஏன் இங்க போகுது?"ன்னு கேளுங்க. வேலை செஞ்சவனுக்கு பதில் இருக்கும். 60 பேருக்கு 5 மணி நேரம் ஆகும், ஆனா அந்த 5 மணி நேரமும் பாடம்தான்.

இங்கிலீஷ் விஷயத்துல என் கருத்து இதுதான். பேட்டி தமிழ்ல, நோட்ஸ் தமிழ்ல, டீமுக்குள்ள விவாதம் தமிழ்ல. யோசனை அங்க தெளிவான அப்புறம் கடைசி டாகுமெண்ட்டும் மெயிலும் மட்டும் இங்கிலீஷ், அதுவும் சின்ன சின்ன வாக்கியம். நானும் மதுரை க்ளையண்ட் கிட்ட தமிழ்ல பேசிட்டு வந்து ராத்திரி இங்கிலீஷ்ல டாகுமெண்ட் போடற ஆள்தான், இது ஒண்ணும் குறை இல்ல, இங்க வேலையே அப்படித்தான் நடக்குது. பிரசன்டேஷனை முதல் தடவை தமிழ்லயே பண்ண விடுங்க, கேள்வி கேக்கறவங்களா ஆபீஸ் ஸ்டாஃபையே உக்கார வைங்க. கிளார்க் அக்காவும் சூப்பரிண்டெண்டும் முன்னாடி உக்காந்து "இது எனக்கு ஒத்து வராதும்மா"ன்னு சொல்றப்பதான் ஸ்டேக்ஹோல்டர்னா யாருன்னு உறைக்கும்.

டேட்டா_பக்கம்:

அந்த ரெஜிஸ்டர் டேட்டாவை எக்செல்ல போடற யோசனை எனக்கும் ஓகே. ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன், தேதியை டெக்ஸ்ட்டா அடிக்க விடாதீங்க. ஒருத்தன் புள்ளி வச்சு அடிப்பான், ஒருத்தன் மாசத்தை முன்னாடி போடுவான், அப்புறம் எத்தனை நாள் ஆச்சுன்னு கழிச்சு பாக்கவே முடியாது. அதை சுத்தம் பண்ண வைக்கறதே ஒரு நல்ல பீரியட். வேணும்னா சனிக்கிழமை ஆன்லைன்ல ஒரு ரெண்டு மணி நேரம் எஸ்க்யூஎல் நான் எடுக்கறேன் மேடம், இன்பாக்ஸ்ல சொல்லுங்க.

வணிகவியல்_டீச்சர்:

கண்டிப்பா சார், இன்பாக்ஸ் பண்றேன். சூப்பரிண்டெண்ட் கிட்ட இன்னைக்கு பேசிட்டேன், முதல்ல யோசிச்சாரு, அப்புறம் செவ்வாய், வியாழன் மதியம் 3 மணிக்கு மேல ஒரு நேரத்துல ஒரு டீம் மட்டும் வரலாம், ரெஜிஸ்டரை வெளிய எடுத்துட்டு போகக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. 12 டீம் வருது, எல்லாரும் போனஃபைட் எடுத்தா ஆபீஸ் தாங்காது, அதனால 4 டீம் போனஃபைட், 4 டீம் லைப்ரரி ஃபைன், மீதி 4 டீம் தீப்பெட்டி ஆபீஸ், பிரிண்டிங் பிரஸ்னு வெளிய. வெளிய போறவங்களுக்கு காலேஜ்ல இருந்து ஒரு கடிதம் கொடுத்துடறேன். முதல் வாரம் எந்த டீமும் தீர்வு பத்தி பேசக் கூடாதுன்னு போர்டுல எழுதிப் போட போறேன்.

பனியன்_ஊர்க்காரன்:

வெளிய போற டீமுக்கு ஒண்ணு சொல்லி அனுப்புங்க மேடம். யூனிட்ல ஓனர் கிட்ட பேசினதோட கிளம்பிடக் கூடாது, சரக்கை கையால தொடற ஆள் கிட்டயும் பேசணும். ரெண்டு பேரும் ஒரே வேலையை வேற வேற மாதிரி சொல்லுவாங்க, அந்த வித்தியாசத்தை அப்படியே எழுதிட்டு வரட்டும். சனிக்கிழமை சம்பள நாளா இருந்தா போக வேணாம்ங்க, அன்னைக்கு யாருக்கும் நிக்க நேரம் இருக்காது.